ஜீப்பை ஓரடி உயர்த்தலாமா? – ஒரு திட்டத்தின் திறனாய்வு

நூல்களையும் நாடகங்களையும் திறனாய்வு செய்வது வழக்கம். இம்மாதம் நான் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது, கோடு போட்ட நான்கு தாள்களில் பென்சிலால் எழுதப்பட்ட ஒரு திட்டம். அதை எழுதியவர் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஏலத்தில் எடுத்த பழைய மாருதி ஜிப்சி ஒன்று அவரிடம் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி. அதைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திவிட வேண்டும் என்பதே திட்டம். "சார், கணக்கு சரியா என்று பாருங்கள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் அடியுங்கள்" என்று சொல்லித் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரிய சக்கரங்கள் மாட்டி, வானத்தைப் பார்த்து நிற்கும் ஜீப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை பார்வைக்காகச் செய்யப்படுபவை. இவருடைய காரணம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நீரால் துண்டிக்கப்பட்டன அல்லவா? அப்போது இவருடைய அக்காள் நிறைமாதக் கர்ப்பிணி. வலி கண்ட அன்று இரவு, ஊருக்கு வெளியே இருந்த தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. குடும்பமே கரையில் காத்திருந்தது. விடிந்தபின் ஒரு படகு வந்து அவரை அக்கரை சேர்த்தது. தாயும் சேயும் நலம். ஆனால் அந்த ஓர் இரவை இவரால் மறக்க இயலவில்லை. ‘இன்னொரு முறை அப்படி நிற்கக் கூடாது’ என்பதே நான்கு தாள்களின் முதல் வரி.

நோக்கம் இவ்வளவு நல்லதாக இருக்கும்போது திறனாய்வில் கூடுதல் கவனம் தேவை. இத்திட்டத்தில் ஒரு பிழை நேர்ந்தால் அதற்குரிய விலையை அந்த வண்டியில் ஏறுபவர்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

திட்டம் கூறுவது என்ன?

ஓரடியை அவர் மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்.

முதலாவது, ஸ்பிரிங் பட்டைகள் மூலம் 6 அங்குலம். இதில் 3 அங்குலம், அதிக வளைவுள்ள புதிய பட்டைகளால் கிடைக்கும். எஞ்சிய 3 அங்குலத்துக்குப் பின்புறம் இரும்புக் கட்டையும், முன்புறம் நீளமான ஷேக்கிளும் வைக்கப்படும்.

இரண்டாவது, சேஸிக்கும் வண்டிக் கூட்டுக்கும் இடையே குழாய்த் துண்டுகளை வைத்துக் கூட்டை மட்டும் 3 அங்குலம் தூக்குதல்.

மூன்றாவது, இப்போதுள்ள ஏறத்தாழ 27 அங்குல விட்டமுள்ள டயர்களுக்குப் பதிலாக 33 அங்குல டயர்கள். விட்டம் 6 அங்குலம் கூடினால் ஆரம் 3 அங்குலம் கூடும். ஆகவே வண்டி 3 அங்குலம் உயரும்.

ஆக மொத்தம் 12 அங்குலம். கூட்டல் சரி. ஷேக்கிள் பற்றிய அவருடைய கணக்கும் பாராட்டத்தக்கது. ‘ஷேக்கிளை 3 அங்குலம் நீட்டினால் வண்டி 3 அங்குலம் உயரும்’ என்று பலர் நினைக்கின்றனர். பட்டையின் ஒரு முனையில்தான் ஷேக்கிள் இருக்கிறது. அச்சு இருப்பதோ பட்டையின் நடுவில். ஏற்றப் பலகையில் ஒரு முனை 6 அங்குலம் இறங்கினால் நடுப்பகுதி 3 அங்குலமே இறங்கும். ஆகவே 3 அங்குல உயரத்துக்கு 6 அங்குலம் நீண்ட ஷேக்கிள் வேண்டும். இதை அவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

எது உயர்கிறது, எது உயர்வதில்லை?

இனி முதல் சிவப்பு மை. மேடு பள்ளமான பாதையில் வண்டியின் எந்தப் பகுதி முதலில் கல்லில் இடிக்கும்? ஜிப்சியின் முன்னும் பின்னும் உள்ள அச்சுகள் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை ஒரே துண்டாகச் செல்லும் திண்ணிய அச்சுகள். ஒவ்வொன்றிலும் பூசணிக்காய்போல் புடைத்திருப்பது டிஃபரன்ஷியல். வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுவே. ஜிப்சிக்கு நிறுவனம் கொடுத்த தரை இடைவெளியான 21 செ.மீ. இதைக் கொண்டே அமைகிறது.

அச்சு எதன்மேல் நிற்கிறது? சக்கரத்தின் மேல். பட்டை எதைத் தாங்குகிறது? சேஸியை. அப்படியானால் பட்டையை 6 அங்குலம் உயர்த்தினாலும், கூட்டை 3 அங்குலம் உயர்த்தினாலும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். மேசைமேல் அடுக்கிய புத்தகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மேசையின் அடியில் இடம் கூடிவிடாது. 12 அங்குலத்தில் டயர் தந்த 3 அங்குலம் மட்டுமே டிஃபரன்ஷியலுக்குப் பயன்படும். தரை இடைவெளி 21 செ.மீ.யிலிருந்து 28.6 செ.மீ. ஆகும். எஞ்சிய 9 அங்குலமும் அதற்கு மேலே உள்ள பொருள்களை மட்டும் தூக்குகிறது.

அவற்றைத் தூக்குவதால் பயனே இல்லை என்று கூறிவிடக் கூடாது. பெரிய டயர் உடலில் உரசாமல் சுழல இடம் கிடைக்கும். மேட்டில் ஏறும்போது முன் பம்பர் முட்டாது. வரப்பு போன்ற மேட்டைக் கடக்கையில் வயிற்றுப்பகுதி தட்டாது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 237.5 செ.மீ. தூரம் உள்ள இவ்வண்டியின் நடு வயிறு இப்போது 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அது 53 செ.மீ. ஆகும்போது, தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 28 பாகையிலிருந்து 48 பாகையாக உயரும். பாறைகளில் ஏறும் போட்டிகளில் இது பெரிய நன்மை. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிவரை 48 பாகை மேடு ஏது? வயலும் ஏரிக்கரையும் உப்பங்கழியும் நிறைந்த சமவெளி அது.

எடை மேடையில் ஓர் ஆய்வு

இரண்டாவது சிவப்பு மை, திட்டத்தில் இடம்பெறாத ஓர் அளவைப் பற்றியது. நான்கு தாள்களில் எங்குமே ஈர்ப்பு மையம் பற்றிய பேச்சு இல்லை. வண்டியின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கருதினால் அப்புள்ளியே ஈர்ப்பு மையம். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வண்டியை உயர்த்துவது, கடன் எவ்வளவு என்று தெரியாமல் மேலும் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் நாள்தோறும் வந்துபோகும் கும்மிடிப்பூண்டியில் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் ஜிப்சியை ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். இரண்டு நண்பர்கள் வண்டிக்குள் அமர்ந்தனர். மொத்த எடை 1,200 கிலோ. பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். முன் அச்சின்மேல் 640 கிலோ. பட்டைகள் அமுங்கி ஆய்வைக் கெடுக்காதபடி அவற்றுக்கும் சேஸிக்கும் நடுவே மரக்கட்டைகளை இறுக்கினோம். மேடைக்கு வெளியே இரண்டடி உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கிப் பின் சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றினோம். இப்போது முன் அச்சின்மேல் 675 கிலோ.

பின்புறம் உயர்ந்தபோது முன்புற எடை ஏன் 35 கிலோ கூடியது? தலையில் குடம் வைத்திருப்பவர் சற்றுக் குனிந்தால் குடம் எவ்வளவு முன்னால் நகருமோ, இடுப்பில் குடம் வைத்திருப்பவர் அதே அளவு குனிந்தால் அது அவ்வளவு நகராது. உயரத்தில் உள்ள எடையே அதிகம் நகரும். ஆகவே எடை எவ்வளவு முன்னால் வந்தது என்பதிலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். சாய்வுக் கோணம் சுமார் 15 பாகை. கணக்கின்படி ஈர்ப்பு மையம், சக்கர மையத்திலிருந்து 26 செ.மீ. மேலே, அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ 60 செ.மீ. அந்த எடை மேடை 5 கிலோவுக்கு 5 கிலோவாகவே காட்டும். ஆகவே விடையில் 4 செ.மீ. வரை முன்பின் இருக்கலாம். பிழையின் அளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அளவீடு முழுமை பெறும் என்று வகுப்பில் கற்பித்ததை அன்று செய்து காட்டினேன்.

ஓரடி உயர்த்தியபின் இது எங்கே போகும்? அச்சுகளும் டயர்களும் சேர்ந்து 300 கிலோ என்று கொள்வோம். அவை 3 அங்குலமே உயரும். சேஸியும் இஞ்சினும் 500 கிலோ. அவை 9 அங்குலம் உயரும். கூடும் ஆட்களும் 400 கிலோ. அவை முழு 12 அங்குலமும் உயரும். எடைக்கேற்பச் சராசரி கண்டால் 8.5 அங்குலம், அதாவது சுமார் 22 செ.மீ. ஆகவே ஈர்ப்பு மையம் 60 செ.மீ.யிலிருந்து 82 செ.மீ. உயரத்துக்குச் செல்கிறது.

வழுக்குமா, கவிழுமா?

வண்டியின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை நிலைப்பு எண் என்று அழைக்கலாம். இந்த ஜிப்சியின் சக்கர அகலம் 130 செ.மீ. இப்போதைய நிலைப்பு எண் 65 ÷ 60 = 1.08. ஓரடி உயர்த்திய பின் 65 ÷ 82 = 0.79.

இந்த எண்ணுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. முதலாவது, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனால் எந்தக் கோணத்தில் கவிழும் என்பது. இப்போது 47 பாகை. உயர்த்தினால் 38 பாகை. இரண்டாவது பொருளே நமக்கு முக்கியமானது. வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ, குறுக்கே ஓடிய ஆட்டைக் காப்பாற்றச் சட்டென ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதோ, வண்டியைத் திருப்பும் விசை தரையின் உராய்விலிருந்து கிடைக்கிறது. உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் குணகம் சுமார் 0.8. நிலைப்பு எண் இதைவிடப் பெரிதாக இருந்தால் எல்லை மீறும்போது டயர் வழுக்கும். ஓட்டுநர் கலங்குவார், ஆனால் வண்டி நிமிர்ந்தே நிற்கும். நிலைப்பு எண் உராய்வுக் குணகத்துக்குக் கீழே போய்விட்டால், டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழும். 1.08 என்பது அக்கோட்டுக்கு மேலே, 0.79 என்பது கீழே. நீண்ட பட்டைகளின் ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் உண்மை மதிப்பு இன்னும் குறையும்.

மிகைப்படுத்தவில்லை என்பதற்கு ஜிப்சியின் உறவு வண்டி ஒன்றின் வரலாறே சான்று. 1980களில் சுசுகி நிறுவனம் ஜிப்சியை ஒத்த வண்டியைச் சாமுராய் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. 1988இல் அங்குள்ள நுகர்வோர் சங்கம் ஒன்று, தடையைத் தவிர்க்கத் திரும்பும் சோதனையில் அவ்வண்டியின் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன என்று காட்டி, ‘ஏற்கத்தக்கதல்ல’ என அறிவித்தது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு கேட்ட மனுவை அவ்வாண்டிலேயே ஏற்க மறுத்தது. சுசுகி 1996இல் வழக்குத் தொடுத்தது. 2004இல் இரு தரப்பும் சமரசமாயின. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். அவ்வளவு பெரிய வழக்கும், உயர்த்தப்படாத, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த வண்டியைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். இந்தியாவிலும் 1985இல் வந்த ஜிப்சியின் சக்கர அகலத்தை மாருதி 1990களில் ஏறத்தாழ 10 செ.மீ. கூட்டியது. தயாரிப்பாளரே அகலத்தைக் கூட்டிய வண்டியில் நாம் உயரத்தைக் கூட்டப் பார்க்கிறோம்.

அமெரிக்க அரசு 2001ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து இதே நிலைப்பு எண்ணைக் கொண்டு நட்சத்திரங்கள் வழங்கத் தொடங்கியது. 1.03 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஒரே நட்சத்திரம். 0.79க்கு அப்பட்டியலில் தனி இடமே கிடையாது.

உயரமான வண்டியே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். திருவள்ளூரில் உள்ள கேட்டர்பில்லர் ஆலையில் சுரங்கங்களுக்கான டிப்பர்கள் உருவாகின்றன. வீட்டளவு உயரமுள்ள அவை அகலத்திலும் வீட்டளவே இருக்கும். உயரத்தோடு அகலத்தையும் கூட்டியபின்தான் பொறியாளர்கள் அவற்றைச் சுரங்கத்துக்கு அனுப்புகின்றனர்.

தண்டு, சக்கரம், பிரேக்கு

அச்சு கீழேயே நிற்க, இஞ்சினும் கியர் பெட்டிகளும் 6 அங்குலம் மேலே போகின்றன. இவற்றை இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்னவாகும்? 60 செ.மீ. நீளமுள்ள தண்டு என்றால் அதன் சாய்வு கூடுதலாக 14 பாகை அதிகரிக்கும். முன்பு 6 பாகை இருந்தால் இப்போது 20 பாகை. தண்டின் முனைகளில் உள்ள சிலுவை மூட்டுக்கு – பட்டறைகளில் ‘கிராஸ்’ என்பார்கள் – ஒரு விசித்திர குணம் உண்டு. சாய்வாக இருக்கும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை வேகம் கூடி, இரு முறை குறையும். 6 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதம். யாரும் உணர மாட்டார்கள். 20 பாகையில் அது 6 சதவீதம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் தண்டு வினாடிக்குச் சுமார் 25 சுற்றுகள் சுற்றும். அதாவது வினாடிக்கு 50 அடிகள். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்யும். அதற்கு ஆப்புத் தகடுகள் வைத்து அச்சைத் திருப்ப வேண்டும். திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

முன்புற நீள ஷேக்கிள் வண்டியை உயர்த்துவதோடு அச்சைச் சற்றுச் சுழற்றவும் செய்கிறது. சைக்கிளின் முன் கவை சற்றுச் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டும் ஓட்ட முடிகிறது. சக்கரம் தானே நேராகிறது. ஜீப்பின் முன் சக்கரங்களுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. அச்சு சுழன்றால் அச்சாய்வு குறையும். வளைவிலிருந்து ஸ்டியரிங் தானே திரும்பி வராது. நெடுஞ்சாலையில் வண்டி அலையும்.

டயரைப் பற்றி இரண்டு கணக்குகள். பிரேக் டிரம்மும் தகடும் அதே அளவில் இருக்க, சக்கரம் மட்டும் 27இலிருந்து 33 அங்குலமானால், தரையில் கிடைக்கும் தடுப்பு விசை 18 சதவீதம் குறையும். ஒரே பலத்தில் நீளமான துடுப்பின் நுனியைத் தடுத்து நிறுத்துவது கடினம் அல்லவா? அடுத்து, வேகமானி. அது சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுகிறதேயன்றிச் சாலையை அளப்பதில்லை. அது 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 73 கி.மீ. வேகத்தில் போகும். கவிழும் எல்லை கீழே இறங்கி, தடுப்பு விசையும் குறைந்து, வேகமானியும் பொய் சொல்லும் வண்டியில் தேசிய நெடுஞ்சாலை 16இல் லாரிகளுக்கு நடுவே செல்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நடப்பது என்ன?

இவ்வளவுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "சார், நான் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகப் போவதில்லை. வெள்ளத்தில் பாலம் கடந்தால் போதும்." நியாயமான பதில். ஆகவே அந்தத் தரைப்பாலத்துக்கே போவோம். பாலத்தின்மேல் 60 செ.மீ., அதாவது இரண்டடி நீர் ஓடுகிறது என்று கொள்வோம்.

உயர்த்தாத ஜிப்சியில் நீர் தளத்துக்கு மேலே வந்துவிடும். தளத்தின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். 10 செ.மீ. நீர் ஏறினால் 500 கிலோ நீர் விலகும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, உள்ளே நீர் புகும்வரை வண்டியின் எடையில் 500 கிலோ குறைந்ததுபோல் ஆகும். அதோடு ஓட்டம் பக்கச் சுவரையும் தள்ளும். அதில் இறங்கவே கூடாது. உயர்த்திய வண்டியிலோ தளம் நீருக்கு மேலேயே இருக்கும். இந்த அளவில் திட்டம் வெற்றிபெறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் டயர்களைப் பாருங்கள். 33 அங்குல விட்டமும் பத்தரை அங்குல அகலமும் கொண்ட நான்கு டயர்கள், நான்கு காற்றுப் பைகள். இரண்டடி நீரில் அவை விலக்கும் நீர் சுமார் 300 கிலோ. ஆகவே 1,200 கிலோ வண்டி பாலத்தை 900 கிலோவாகவே அழுத்துகிறது. பாசியும் சேறும் படிந்த பாலத்தில் உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை 270 கிலோ எடைக்குச் சமம். ஓடும் நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நீரில் மூழ்கிய சக்கரங்களின் பக்கப் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளும் விசை சுமார் 200 கிலோ; 3 மீட்டர் வேகத்தில் 460 கிலோ. ஆக, 2.3 மீட்டரைத் தாண்டினால் வண்டி பக்கவாட்டில் நகரத் தொடங்கும். மணிக்கு எட்டு கிலோமீட்டர். சைக்கிளில் மெதுவாகப் போகும் வேகம். பிச்சாட்டூரில் நீர் திறந்துவிட்ட நாளில் ஆரணியாறும், பூண்டி நீர்த்தேக்கம் திறந்த நாளில் கொசஸ்தலையாறும் ஓடுவதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேகம் பெரிதாகத் தோன்றாது.

இக்கணக்கு தோராயமானது. சேறு குறைவாக இருந்தால் எல்லை சற்றுக் கூடும். நீர் ஆழமானால் வெகுவாகக் குறையும். வண்டியின் உயரத்தை நாம் அளக்கலாம். கலங்கிய இரவு நீரின் வேகத்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்து அளக்க வழியில்லை. பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருப்பதும் தெரியாது. ஒரு பக்கச் சக்கரங்கள் இரண்டரை அடிப் பள்ளத்தில் இறங்கினால் வண்டி 36 பாகை சாயும். உயர்த்திய வண்டியின் எல்லை 38 என்று பார்த்தோம். மிச்சமுள்ள இரண்டு பாகையைப் பட்டைகளின் ஆட்டமே தின்றுவிடும். பின்னிருக்கையில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கும் வண்டி அது.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. சட்டத்தை வெறும் தடையாகப் பலர் எண்ணுகின்றனர். மேலே கண்ட கணக்குகளை ஒவ்வொரு உரிமையாளரும் போட்டுப் பார்க்க மாட்டார் என்பதால்தான் அப்படி ஒரு பிரிவு தேவைப்படுகிறது.

முடிவு

‘ஓரடி வேண்டாம், இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்தி, 29 அங்குல டயர் போட்டால்?’ என்று அவர் கேட்டார். அதையும் கணக்கிட்டோம். நிலைப்பு எண் 0.98. நடுத்தர வழி என்று நினைத்ததும் அமெரிக்கப் பட்டியலின் அடித்தட்டுக்கே போகிறது. டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பதோ ஓர் அங்குலம். போட்டித் திடலில் மட்டும் ஓடி, வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் ஜீப்புக்கு இக்கணக்குகள் வேறு. சாலையில் ஓடி, ஆட்களை ஏற்றும் வண்டிக்கு இத்திட்டத்தை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

அதே நேரத்தில், எடை மேடை ஆய்வின்போது ஒன்றைக் கண்டோம். ஏலத்தில் வந்த அந்த வண்டியின் பட்டைகள் வயதாகித் தளர்ந்து, வண்டி நிறுவன உயரத்தைவிட 4 செ.மீ. தாழ்ந்து நின்றது. அசல் வளைவுள்ள புதிய பட்டைகளைப் போட்டால் இழந்த உயரம் சட்டப்படியே திரும்பிவிடும். எங்கள் 60 செ.மீ. கணக்கும் அதற்கேற்பச் சற்றுக் கூடும். ஆயினும் அது பொறியாளர்கள் கணித்து வைத்த உயரம். அச்சுகளின் காற்றுக் குழாய்களை மேலே ஏற்றிக் கட்டுதல், நல்ல பள்ளமுள்ள அளவான டயர்கள், இழுவைக் கயிறு, சேற்றில் போட இரண்டு பலகைகள் – இவ்வளவும் சேர்ந்தாலும் அவர் ஒதுக்கிய தொகையில் பாதி மிஞ்சும்.

அந்த மீதியை என்ன செய்வது? அன்று இரவு அவருடைய அக்காளைக் கரை சேர்த்தது எது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படகுதான், சார்" என்றார். 2015 வெள்ளத்தில் சென்னை மக்களை மீட்டவற்றில் மீனவர் படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பழவேற்காடு நமக்கு வெகு தொலைவில் இல்லை. ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஒரு சிறு படகு, நான்கைந்து மிதவைச் சட்டைகள், நீண்ட கயிறு ஆகியவற்றை வாங்கி வைக்கலாம். ஓட்டத்தில் படகைச் செலுத்தத் தெரிந்த மீனவர் ஒருவரிடம் முன்கூட்டியே பயிற்சி பெறலாம். தரைப்பாலத்தின் ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் ஒன்றையும், ஊராட்சியிடம் கேட்டு, நட்டு வைக்கலாம். பிரசவ நாள் நெருங்கியவர்களை மழை எச்சரிக்கை வந்த அன்றே இக்கரைக்கு அழைத்து வந்துவிடுவது இவை எல்லாவற்றினும் எளிது. ஜிப்சி இக்கரையில் நின்று, படகில் வருபவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கட்டும். அதற்கு இப்போதுள்ள உயரமே போதும்.

நான்கு தாள்களையும் சிவப்பு மையோடு திருப்பிக் கொடுத்தேன். முதல் வரியை மட்டும் அடிக்கவில்லை. அவர் ஐந்தாவது தாள் ஒன்றைச் சேர்த்து, அதில் படகின் நீள அகலத்தையும் எட்டுப் பேரின் எடையையும் எழுதி, அது எவ்வளவு அமிழும் என்று கேட்டிருக்கிறார். கூட்டலில் ஒரு பிழை இருக்கிறது. ஆர்க்கிமிடீஸைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார்.